26 எங்கே இருக்கிறது, 40 எங்கே இருக்கிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: மகளுக்குப் பத்து வயது. நீளம் 8, அகலம் 5 உள்ள செவ்வகத்தின் பரப்பளவு கேட்டால் 26 என்கிறாள். சுற்றளவு கேட்டால் 40 என்கிறாள். சூத்திரம் கேட்டால் மட்டும் இரண்டையும் தப்பில்லாமல் ஒப்பிக்கிறாள். பத்து முறை எழுத வைத்தும் மறுநாள் மறுபடி மாறிவிடுகிறது. எப்படிச் சொல்லித்தருவது?

முதலில் அந்தப் பத்து முறை எழுத வைப்பதை நிறுத்துங்கள். மறதிக்குத்தான் அது மருந்து. அவளுக்கு மறதி இல்லை, ஒப்பிக்கிறாளே. கணக்கிலும் பிழை இல்லை. எட்டையும் ஐந்தையும் கூட்டி இரட்டித்தால் 26, பெருக்கினால் 40. இரண்டும் சரி. எந்த எண் எந்தப் பெயருக்கு உரியது என்பதில்தான் தடுமாறுகிறாள். படத்தில் அந்த எண்கள் எங்கே குடியிருக்கின்றன என்பதை அவள் இன்னும் பார்க்கவில்லை.

சோதித்துப் பாருங்கள். வெற்றுத்தாளில் எண் எதுவும் குறிக்காமல் ஒரு செவ்வகம் வரையுங்கள். "நீளம் 8, அகலம் 5. இதில் 26 எங்கே இருக்கிறது? விரல் வைத்துக் காட்டு" என்று கேளுங்கள். அடுத்து, "40 எங்கே?" புரிந்த குழந்தை முதல் கேள்விக்கு விரலை ஓரமாகவே ஓட்டி, புறப்பட்ட மூலைக்கே திரும்பி வரும். இரண்டாவதற்கு உள்ளங்கையால் உட்புறம் முழுவதையும் தடவிக் காட்டும். புரியாத குழந்தை உங்கள் முகத்தைப் பார்க்கும். தொடக்க வகுப்புகளில் கணக்கு சொல்லித்தந்த காலத்தில் ஒவ்வோர் ஆண்டும் இதைக் கேட்டிருக்கிறேன். நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளே என் முகத்தைப் பார்த்ததுண்டு.

குழப்பம் வருவதில் வியப்பில்லை. ஒரே படம், அதே இரண்டு எண்கள், ஒரே பாடம், பெரும்பாலும் ஒரே வாரம். ஒன்றுக்குக் கூட்டு, இன்னொன்றுக்குப் பெருக்கு, அவ்வளவுதான் வேறுபாடு என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது. பிறகு ஒவ்வொரு கணக்கிலும் பூவா தலையா போட்டுப் பார்க்கிறது.

இதில் தமிழ் நமக்கு நல்ல ஒத்தாசை செய்கிறது, நாம்தான் பயன்படுத்திக்கொள்வதில்லை. சுற்றி வந்தால் எவ்வளவு என்பது சுற்றளவு. பரப்பி வைத்தால் எவ்வளவு பிடிக்கும் என்பது பரப்பளவு. சொல்லிலேயே செயல் இருக்கிறது. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்கு ஏரியா, பெரிமீட்டர் இரண்டும் வெறும் ஒலிகள். அப்படியானால் வீட்டில் தமிழில் பேசுங்கள், அதுவும் வினைச்சொல்லாகவே பேசுங்கள்: "சுற்றினால் எவ்வளவு? பரப்பினால் எவ்வளவு?" ஒரு வாரத்துக்கு "அளவு" என்ற சொல்லே வேண்டாம்.

இரண்டையும் ஒன்றாகத் தொடங்காமல், சுற்றுவதை முதலில் எடுங்கள். செவ்வகத்தை விட்டுவிடுங்கள். பாடங்கள் செவ்வகத்தில் தொடங்குவதுதான் பாதி வம்பு என்பது என் கருத்து, ஏனென்றால் செவ்வகத்தில் நீளம், அகலம் என்ற இரண்டு எண்கள் தெரிந்ததும் வடிவத்தைப் பார்க்கவே தேவையில்லாமல் போய்விடுகிறது. அவள் பாதத்தைத் தாளில் வைத்து வரையச் சொல்லுங்கள். ஓர் இலையை வைத்து வரையட்டும். கோட்டின் மேலேயே நூலைப் படுக்க வைத்து, தொடங்கிய இடம் வந்ததும் வெட்டி, நூலை நிமிர்த்தி ஸ்கேலில் அளக்கட்டும். பாதத்துக்கு ஏது நீளம் அகலச் சூத்திரம்? நூல்தான் உண்டு. சுற்றளவு என்பது ஒரு நீளம், வளைத்து வைத்த கோடு, பிரித்தால் நேராகிவிடும் கோடு என்பது கையில் பதிந்துவிடும்.

அதன்பின் நேர்க்கோட்டு வடிவங்கள்: முக்கோணம், ஐங்கோணம், படிக்கட்டு மாதிரி ஒன்று. எறும்பு ஒரு மூலையில் புறப்பட்டு ஓரமாகவே நடந்து அதே மூலைக்கு வருகிறது, எவ்வளவு தூரம் நடந்தது? பக்கங்களை அளந்து கூட்ட வேண்டியதுதான். செவ்வகம் வரும்போதும் 8 + 5 + 8 + 5 என்றே எழுதட்டும். சில நாளில் அவளே எட்டையும் ஐந்தையும் கூட்டி இரட்டிக்கத் தொடங்குவாள். அதற்கு முன் நீங்கள் அந்தக் குறுக்குவழியைக் காட்டினால், முக்கோணத்துக்கும் இரட்டித்துக்கொண்டு வந்து நிற்பாள்.

ஸ்கேலை 0-இல் வைக்காமல் 1-இல் வைத்து அளக்கிறாளா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நிறைய பிள்ளைகள் அப்படித்தான் அளக்கிறார்கள். சொன்னால் உடனே திருந்திவிடும்.

கட்டம் போட்ட நோட்டுக்கு வரும்போது வேறொரு பிழை முளைக்கும். அது வந்தால் மகிழுங்கள். நீளவாக்கில் 8 கட்டம், அகலவாக்கில் 5 கட்டம் எடுத்து ஒரு செவ்வகம் போட்டு, சுற்றளவு எண்ணச் சொன்னால், ஓரத்தில் இருக்கும் கட்டங்களை எண்ணி 22 என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. தப்பு என்று சொல்லாமல், எறும்பைத் திரும்ப நடக்க விடுங்கள். எறும்பு கட்டத்துக்குள் நடக்கவில்லை, கோட்டின் மேல் நடக்கிறது. மூலைக் கட்டத்துக்கு வெளியைப் பார்த்த விளிம்புகள் இரண்டு. கட்டங்களை எண்ணியவள் அதை ஒருமுறைதான் எண்ணினாள். எறும்பு இருமுறை நடந்தது. நான்கு மூலை, ஆகவே நான்கு குறைகிறது. 22-க்கும் 26-க்கும் இருக்கும் இந்த நான்கை அவளே கண்டுபிடித்துவிட்டால், சுற்றளவில் எண்ணப்படுவது கோட்டுத்துண்டு, கட்டம் அல்ல என்பதை நூறு முறை நீங்கள் சொன்னாலும் வராத தெளிவு வரும். இந்த 22-ஐ ஓரமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இனி பரப்புவது. சில நாள் இடைவெளி விட்டுத் தொடங்குங்கள். சுற்றுவது பழகிப்போயிருக்க வேண்டும். எடுத்த எடுப்பில் சதுரம் வேண்டாம். மேசை மேல் ஒரு புத்தகத்தை வைத்து, அதன் அட்டையைச் சீட்டுகளால் மூடச் சொல்லுங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறக்கூடாது, இடையில் சந்து தெரியக்கூடாது. எத்தனை சீட்டு பிடித்தது? அடுத்து அதே அட்டையை வட்டச் சில்லுகளால் மூடச் சொல்லுங்கள். எவ்வளவு நெருக்கினாலும் இடைவெளி தெரியும். வரிசை வரிசையாக ஒட்டி அடுக்கினால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மூடப்படாமலே கிடக்கும். வட்டத்தை வைத்து ஏன் பரப்பளவு அளப்பதில்லை என்பதை இனி யாரும் விளக்க வேண்டியதில்லை. சமபக்க முக்கோணங்களும் அறுகோணங்களும் சந்து விடாமல் பரவும்தான். ஆனாலும் சதுரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அது வரிசை வரிசையாக நின்று பெருக்கலுக்கு வழிவிடுகிறது என்பதே.

அந்த வரிசை பெரியவர்கள் கண்ணுக்குத் தெரிவதுபோல் குழந்தை கண்ணுக்குத் தெரிவதில்லை. இங்கேதான் நிதானம் வேண்டும். 8-க்கு 5 என்று வெற்றுச் செவ்வகம் வரைந்து கொடுத்து, "உள்ளே ஒரு சென்டிமீட்டர் சதுரங்களை நீயே வரைந்து நிரப்பு" என்று சொல்லிப் பாருங்கள். சில பிள்ளைகள் ஓரத்தில் இருந்து ஒவ்வொன்றாகத் தனித்தனிப் பெட்டி வரைந்துகொண்டே போவார்கள். ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒரு வரிசையில் எட்டு, அடுத்ததில் ஒன்பது. கோட்டை இந்த முனையில் இருந்து அந்த முனைக்கு ஒரே இழுப்பாக இழுக்கலாம் என்று தோன்றும்வரை வரிசை என்ற எண்ணம் வரவில்லை என்று பொருள். அது வராத பிள்ளைக்கு நீளம் × அகலம் என்பது மந்திரம். வந்த பிள்ளைக்கு "ஒரு வரிசையில் எட்டு, அப்படி ஐந்து வரிசை".

இந்த மாற்றத்தைக் கொண்டுவர நான் செய்வது ஒரு மறைப்பு விளையாட்டு. கட்டம் போட்ட செவ்வகத்தின் நடுவில் ஒரு தாளை வைத்து மூடிவிடுவேன். மேல் வரிசையும் இடப்பக்க நிரலும் மட்டும் தெரியும். எண்ணிப் பார்க்க வழியில்லை. மொத்தம் எத்தனை கட்டம்? முதலில் மூடிய இடத்தை உற்று உற்றுப் பார்ப்பார்கள். பிறகு காற்றில் விரலால் கோடு இழுப்பார்கள். பிறகு யாராவது ஒருத்தர், "எட்டு, பதினாறு, இருபத்து நாலு" என்று தாவித் தாவி எண்ணுவார். சூத்திரம் பிறந்தாயிற்று. அதற்கு நீங்கள் பெயர் வைத்தால் போதும்.

ஒழுங்கற்ற வடிவத்தையும் விடாதீர்கள். முன்பு நூலால் சுற்றிய அதே பாதத்தைக் கட்டத்தாளில் வரைந்து, உள்ளே முழுக் கட்டம் எத்தனை, பாதிக்கு மேல் இருப்பது எத்தனை என்று எண்ணட்டும். பாதிக்குக் குறைந்ததை விட்டுவிடலாம், பாதிக்கு மேற்பட்டதை ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். தோராயம்தான், இருக்கட்டும். ஒரே பாதத்துக்கு ஒரு நூல்நீளமும் ஒரு கட்ட எண்ணிக்கையும் இருக்கிறது, இரண்டும் வேறு வேறு சாதி என்பது இங்கே கண்கூடு.

அலகைப் பற்றியும் சொல்லவேண்டும். விடைக்குப் பக்கத்தில் ச.செ.மீ. என்று எழுதாவிட்டால் அரை மதிப்பெண் போகும் என்று மிரட்டி எழுத வைக்கிறோம். அது மிரட்டலுக்குரிய விஷயம் இல்லை. அதுதான் விடையின் பாதி. 40 என்ன? 40 சதுரம். 26 என்ன? 26 கோட்டுத்துண்டு. கணக்குப் போடுமுன் அலகை முதலில் எழுதச் சொல்லிப் பாருங்கள்: "___ செ.மீ." அல்லது "___ ச.செ.மீ." என்று வெற்றிடம் விட்டு எழுதிவிட்டு, பிறகு எண்ணைத் தேடட்டும். எதைத் தேடுகிறோம் என்ற முடிவு அங்கேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. 5 சதுர சென்டிமீட்டரும் 5 சென்டிமீட்டர் சதுரமும் ஒன்றா என்று ஒருநாள் கேளுங்கள். முதலாவது ஐந்து குட்டிச் சதுரங்கள். இரண்டாவது ஒவ்வொரு பக்கமும் ஐந்து உள்ள சதுரம், அதற்குள் இருபத்தைந்து. வீட்டில் பழைய செய்தித்தாள் இருந்தால் ஒட்டி ஒரு சதுர மீட்டர் செய்து தரையில் விரியுங்கள். இதில் எத்தனை சதுர சென்டிமீட்டர்? 100 என்பாள். ஓர் ஓரத்தில் மட்டுமே 100 அடுக்கலாம், அப்படி 100 வரிசை, ஆக 10,000 என்று தெரியும்போது அந்தத் தாளை வேறு கண்ணோடு பார்ப்பாள்.

சுற்றுவதும் பரப்புவதும் தனித்தனியாகக் காலூன்றிய பிறகு, இரண்டையும் மோதவிடுங்கள். இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. பெரும்பாலும் இதற்கு நேரம் ஒதுக்கப்படுவதில்லை.

24 தீக்குச்சிகளைக் கொடுத்து, அத்தனையையும் பயன்படுத்திச் செவ்வகங்கள் செய்யச் சொல்லுங்கள். 11-க்கு 1, 10-க்கு 2, 9-க்கு 3, 8-க்கு 4, 7-க்கு 5, 6-க்கு 6. குச்சி ஒன்றும் கூடவில்லை, ஒன்றும் குறையவில்லை. உள்ளே பிடிக்கும் சதுரங்களோ 11, 20, 27, 32, 35, 36. அடுத்து மாற்றிப் போடுங்கள். 36 சதுர அட்டைகளைக் கொடுத்து எல்லாவற்றையும் கொண்டு செவ்வகம் அடுக்கட்டும். ஒரே வரிசையாக நீட்டினால் சுற்றளவு 74. 18-க்கு 2 என்றால் 40, 12-க்கு 3 என்றால் 30, 9-க்கு 4 என்றால் 26, 6-க்கு 6 என்றால் 24. மெலிந்து நீண்டது சுற்றை விழுங்குகிறது. சதுரத்தை நெருங்க நெருங்கச் சுற்று சுருங்குகிறது. அட்டவணையாக அவளே எழுதட்டும், நீங்கள் வாய் திறக்க வேண்டாம்.

சுற்றளவு பெரிதானால் பரப்பளவும் பெரிதாகும் என்ற நம்பிக்கை குழந்தைகளுக்கு மட்டும் சொந்தமானது அல்ல. கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் இதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டிருக்கிறார். மெகலபோலிஸ் நகரின் சுற்று 50 ஸ்டேடியம் (பழைய கிரேக்க நீள அளவு), ஸ்பார்ட்டா நகரின் சுற்று 48. ஆனாலும் ஸ்பார்ட்டா இருமடங்கு பெரியது என்று சொன்னால் பலரும் நம்புவதில்லை, சிறுவயதில் படித்த வடிவியலை மறந்துவிட்டதே காரணம் என்கிறார். 1999இல் லிபிங் மா என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க, சீனத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் முன் வைத்த கேள்விகளில் ஒன்றும் இதுதான். ஒரு மாணவி 4-க்கு 4 சதுரத்தையும் 8-க்கு 4 செவ்வகத்தையும் காட்டி, சுற்றளவு 16-இலிருந்து 24 ஆனபோது பரப்பளவும் 16-இலிருந்து 32 ஆகிவிட்டது, ஆகவே எப்போதும் இரண்டும் சேர்ந்தே வளரும் என்கிறாள். நீங்கள் என்ன சொல்வீர்கள்? உங்கள் மகள் இப்படிக் கேட்டால், "இரண்டு எடுத்துக்காட்டு போதுமா? இடறவைக்கும் ஒன்றைத் தேடலாமா?" என்று கேளுங்கள். 5-க்கு 5 எடுத்தால் சுற்றளவு 20, பரப்பளவு 25. 10-க்கு 2 எடுத்தால் சுற்றளவு 24-ஆகக் கூடுகிறது, பரப்பளவு 20-ஆக இறங்குகிறது. ஒரே ஒரு எதிர்க்காட்டு ஒரு விதியைக் கவிழ்த்துவிடும் என்பதைப் பத்து வயதில் கண்டுகொள்வது பெரிய விஷயம்.

இன்னும் கூர்மையாக மோதவிட, கத்தரிக்கோலை எடுங்கள். கட்டத்தாளில் நம் பழைய 8-க்கு 5 செவ்வகத்தை வெட்டி எடுத்து, ஒரு மூலைக் கட்டத்தை மட்டும் கத்தரித்துவிடுங்கள். பரப்பளவு 39. சுற்றளவு? பெரும்பாலும் 25 என்றோ 24 என்றோ பதில் வரும். எறும்பை நடக்கவிட்டால் அதே 26. வெளியே போன இரண்டு விளிம்புகளுக்குப் பதில் உள்ளே இரண்டு விளிம்புகள் வந்துவிட்டன. இப்போது இன்னொரு செவ்வகத்தில் மூலையை விட்டுவிட்டு, ஓரத்தின் நடுவே ஒரு கட்டத்தைக் கத்தரியுங்கள். பரப்பளவு அதே 39தான். சுற்றளவு 28. தாளைக் குறைத்தோம், சுற்று கூடிவிட்டது! இந்த இடத்தில் பிள்ளைகள் கொஞ்சம் சத்தம் போடுவார்கள், போடட்டும்.

ஐந்து சதுரங்களை விளிம்போடு விளிம்பு ஒட்டி எத்தனை வடிவங்கள் செய்யலாம் என்பதும் நல்ல மழைநாள் வேலை. திருப்பினாலும் புரட்டினாலும் ஒன்றாக வருவதை ஒன்று என்றே கொண்டால் 12 வடிவங்கள். அமெரிக்கக் கணிதவியலாளர் சாலமன் கோலம்ப் 1953இல் இவற்றைப் பிரபலப்படுத்தத் தொடங்கினார். பென்டோமினோ என்று பெயர். எல்லாவற்றின் பரப்பளவும் 5. பதினொன்றின் சுற்றளவு 12. ஒன்றே ஒன்று மட்டும் 10. அது எது, ஏன் என்று நான் சொல்லப்போவதில்லை. உங்களுக்கும் கொஞ்சம் வேலை இருக்கட்டும்.

பரப்பளவும் சுற்றளவும் ஒரே எண்ணாக வரும் செவ்வகம் உண்டா என்று அவளே கேட்டால் (பலர் கேட்பார்கள்), தேடவிடுங்கள். முழு எண் பக்கங்களில் இரண்டே இரண்டுதான்: 4-க்கு 4, 6-க்கு 3. ஒன்றில் 16, இன்னொன்றில் 18. பித்தாகரஸ் வழியினர் இந்த இரண்டு எண்களையும் கவனித்திருந்ததையும், நடுவில் நிற்கும் 17-ஐ வெறுத்ததையும் பழங்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். ஆனால் "அப்படியானால் இரண்டும் சமம்" என்று அவள் முடிவுகட்டும் முன் ஒரு கேள்வி போடுங்கள்: அதே 4 சென்டிமீட்டர் சதுரத்தை மில்லிமீட்டரில் அளந்தால்? சுற்றளவு 160 மி.மீ., பரப்பளவு 1,600 ச.மி.மீ. சமம் எங்கே போயிற்று? எண்கள்தான் ஒத்துப்போயின, அளவுகள் அல்ல.

குழந்தை சிறியதாக இருந்தால் இன்னொன்றும் கவனத்தில் இருக்கட்டும். வெட்டி இடம் மாற்றினாலும் பரப்பளவு மாறாது என்பது நமக்குத்தான் வெளிப்படை. குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயும் அவர் குழுவினரும் செய்து 1948இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒரே அளவுள்ள இரண்டு பச்சை அட்டைகளை வயல் என்று காட்டி, இரண்டிலும் சம எண்ணிக்கையில் பொம்மை வீடுகளை வைத்தார்கள். ஒன்றில் வீடுகள் நெருக்கி ஒரு மூலையில், மற்றதில் சிதறலாக. மாட்டுக்கு எந்த வயலில் புல் அதிகம்? சிறு பிள்ளைகள் பலர் நெருக்கி வைத்த வயலைக் காட்டினார்கள். இந்த நிலையில் இருக்கும் பிள்ளைக்கு முக்கோணத்தை வெட்டி ஒட்டி விளக்குவது பயன்படாது. ஒரு செவ்வகத்தை இரண்டாக வெட்டி, துண்டுகளை நகர்த்தி, "இப்போது பரப்ப எத்தனை சதுரம் வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். தயங்காமல் "அதேதான்" என்று வந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

அடுத்த படி இணைகரம், அதன்பின் முக்கோணம். வரிசையை மாற்றாதீர்கள். நான்கு அட்டைப்பட்டைகளை (எட்டு சென்டிமீட்டரில் இரண்டு, ஐந்தில் இரண்டு) மூலைகளில் குண்டூசியோ பிளவு ஊசியோ குத்தி, அசையக்கூடிய செவ்வகச் சட்டம் செய்யுங்கள். நிமிர்த்திப் பிடித்தால் உள்ளே 40. மெதுவாக ஒரு பக்கம் சாய்த்துப் பாருங்கள். பட்டைகள் அதேதான், சுற்றளவு 26-ஐ விட்டு அசையவில்லை. உள்ளிடமோ குறுகிக்கொண்டே போகிறது. முழுக்கச் சாய்த்தால் ஒன்றுமே இல்லை. இணைகரத்தின் பரப்பளவுக்கு 8-ஐயும் சாய்ந்த 5-ஐயும் பெருக்கும் பழக்கம் இதோடு போய்விடும். இதைச் சொல்லால் விளக்கி நான் வென்றதே இல்லை. சட்டம் ஒருமுறை சாய்ந்தாலே போதும். சாய்த்துக்கொண்டே வந்து செங்குத்து உயரம் 4 ஆகும்போது நிறுத்தித் தாளில் வரைந்துகொள்ளுங்கள். ஒரு முனையில் துருத்தும் செங்கோண முக்கோணத்தை வெட்டி மறுமுனையில் ஒட்டினால் 8-க்கு 4 செவ்வகம் கிடைக்கும்: 32. இந்த இணைகரத்தை மூலைவிட்டத்தில் வெட்டினால் ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தும் இரண்டு முக்கோணங்கள்: ஒவ்வொன்றும் 16. சூத்திரத்தில் அந்த "பாதி" எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இனி எழாது. விரிகோண முக்கோணத்தில் உயரம் படத்துக்கு வெளியே விழுவது மட்டும் கொஞ்ச நாள் உறுத்தும். தாளைத் திருப்பி நீளமான பக்கத்தை அடியில் வைத்துக்கொள்ளலாம் என்று காட்டிவிடுங்கள்.

வட்டத்துக்கு இப்போது அவசரம் இல்லை. வந்தால், வட்டமான மூடிகளை நூலால் சுற்றி அளந்து, அதே நூல் விட்டத்தில் மூன்று முறை போய்க் கொஞ்சம் மிஞ்சுவதைப் பார்க்கட்டும். வட்டத்தைக் கூறுகூறாக வெட்டி மேலும் கீழுமாக அடுக்கினால் ஏறக்குறைய ஓர் இணைகரம் வரும். சுற்றில் பாதி அதன் நீளம், விட்டத்தில் பாதி அதன் உயரம். அரைச்சுற்றை அரைவிட்டத்தால் பெருக்கச் சொன்ன பழைய தமிழ்க் கணக்கும் இதைத்தான் சொல்கிறது.

தேர்வு அடுத்த வாரமே இருக்கிறதென்றால் இத்தனைக்கும் நேரமிருக்காது. அப்போது ஒன்றை மட்டும் செய்யுங்கள்: கணக்கைப் படித்ததும் படம் வரைந்து, கேட்பது கோடு என்றால் சிவப்புப் பென்சிலால் ஓரத்தை அழுத்தி வரையவும், உள்ளிடம் என்றால் பென்சிலால் தேய்த்து நிழலிடவும் பழக்குங்கள். அலகு, பிறகு எண். சூத்திரம் அதற்கும் பிறகு. விடுமுறையில் மேலே சொன்னதை முதலில் இருந்து தொடங்குங்கள்.

வார்த்தைக் கணக்குகளுக்கு, "வேலி என்று வந்தால் சுற்றளவு, தரை என்று வந்தால் பரப்பளவு" என்ற பட்டியலைத் தயவுசெய்து மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். சொல்லைப் பிடித்துத் தொங்கும் பிள்ளையைக் கவிழ்க்க ஒரு கணக்கு போதும்: "8 மீட்டருக்கு 5 மீட்டர் உள்ள தோட்டத்தைச் சுற்றி 1 மீட்டர் அகலத்தில் பாதை போடப்படுகிறது. பாதைக்கு எத்தனை சதுர மீட்டர் கல் பதிக்க வேண்டும்?" "சுற்றி" என்ற சொல்லைப் பார்த்ததும் 26 என்று எழுதிவிடுவார்கள். கல் பதிப்பது பரப்பும் வேலை. வரைந்து பார்த்தால் வெளிச்செவ்வகம் 10-க்கு 7, அதாவது 70. தோட்டத்தின் 40 போக மிச்சம் 30.

அந்தப் படத்தை அழிக்காமல் வைத்துக்கொண்டு, முன்பு ஓரமாக எழுதி வைத்த 22-ஐ இப்போது எடுங்கள். செவ்வகத்துக்கு உள்ளே ஓரத்தை ஒட்டிய கட்டங்கள் 22, எறும்பு நடந்த கோடு 26, வெளியே ஒட்டிப் போட்ட பாதை 30. இரண்டு இடத்திலும் ஏன் சரியாக நான்கு கூடுகிறது என்று அவளைக் கேளுங்கள். பதிலை வாயால் சொல்ல வேண்டாம், படத்தில் அந்த நான்கை விரல் வைத்துக் காட்டட்டும்.